ஸ்டார் கட்டும் பிள்ளைகள்

பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட உட்காரும் அன்று நான் முதலில் செய்வது, கத்தரிக்கோலையும் பசையையும் மினுக்குத் தூளையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவது. அவை கண்ணில் பட்டுவிட்டால் மூங்கிலை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒட்டுவதும் தூவுவதும் கடைசி நாள் வேலை. பெரியவர்கள் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, "இந்தா, நீ இதுல மினுக்கு ஒட்டு" என்று பிள்ளையிடம் நீட்டுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது மிச்ச வேலை. மிச்ச வேலை கொடுத்தால் பிள்ளை பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடும். குச்சியை அளப்பது, முடிச்சுப் போடுவது, எது மேலே எது கீழே என்று தீர்மானிப்பது எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டார்கள். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு திருவருகைக் காலத்திலும் ஸ்டாரும் குடிலும் செய்துவருகிறேன். வேலையின் கடினமான பகுதிதான் பிள்ளைகளுக்கு உரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்களுக்கு நான்கு ஞாயிறுகள் கிடைக்கும். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் விழும். அன்று பூசை முடிந்ததும் தொடங்கினால் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு வரை வேலை ஓடும். ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. களிமண் காய வேண்டும், கேழ்வரகு முளைக்க வேண்டும், பசை இறுக வேண்டும். இவற்றை எப்படி ஒரே நாளில் அடக்குவது? அதோடு, நடுவில் ஒரு வாரம் இருந்தால்தான் புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடப் பையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த எட்டிப் பார்த்தலுக்காகவே வேலையை நீட்டி வைக்கிறேன்.

மூங்கிலைக் கடையிலேயே சிம்பாகக் கீறி வாங்கிவிடுவேன். கீறுவது பிள்ளைகளுக்கான வேலை இல்லை, அரிவாள் வழுக்கும். சிம்பு சுண்டுவிரல் அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தோல் பக்கம் வழவழப்பாக இருக்கும். உள்பக்கம் நார் நாராகப் பிசிறடிக்கும். அந்தப் பிசிறுதான் விரலில் சிராம்பாக ஏறுகிறது. அதனால் முதல் ஞாயிறு பெரும்பகுதி உப்புத்தாள் வேலை. ஐந்து வயதுப் பிள்ளைகூட இதைச் செய்யும். ஒரு கையால் சிம்பைப் பிடித்து, உப்புத்தாளை மடித்து அதன்மேல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் நார் இன்னும் கிளம்பும். தேய்த்து முடித்த சிம்பைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்கச் சொல்வேன். எங்கே சொரசொரப்பு இருக்கிறதோ அங்கே அவர்களே நிறுத்திச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது தேர்வு. சிம்பின் இரண்டு முனையையும் பிடித்து வில்லாக வளைத்துப் பார்க்க வேண்டும். சீராக வளைகிறது என்றால் நல்ல சிம்பு. ஓரிடத்தில் மட்டும் முறிகிற மாதிரி மடிந்தால் ஒதுக்கிவிட வேண்டும். கணு எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இரண்டு சிம்பு ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் கணு வந்தால் படியாது, துருத்திக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் இந்தத் தேர்வை மிகக் கடுமையாகச் செய்வார்கள். நான் போகட்டும் என்று விடுகிற சிம்பைக்கூட அவர்கள் விடுவதில்லை.

பிறகு அளவு. எங்கள் ஸ்டாருக்கு மூன்றடிச் சிம்பு. ஒவ்வொரு சிம்பிலும் இரண்டு முனையிலிருந்தும் 13¾ அங்குலத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். நடுவில் 8½ அங்குலம் மிஞ்சும். இந்தக் கோடுகளில்தான் ஒரு சிம்பு இன்னொன்றைக் கடக்கும். ஒரு மீட்டர் சிம்பு என்றால் 38, 24, 38 சென்டிமீட்டர். கண்ணளவில் கட்டினால் ஒரு முனை நீண்டு இன்னொரு முனை குறுகிக் கோணிக்கொள்ளும். அப்புறம் எந்த முடிச்சாலும் அதை நேராக்க முடியாது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இந்த எண்களைக் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். 8½-ஐயும் 13¾-ஐயும் கூட்டினால் 22¼. 36-ஐ 22¼-ஆல் வகுத்தாலும், 22¼-ஐ 13¾-ஆல் வகுத்தாலும், 13¾-ஐ 8½-ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட அதே 1.618 வருகிறது. "எங்க வகுத்தாலும் அதே வருது சித்தி!" பொன் விகிதம் என்ற பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னேன். முதலில் பெயரைச் சொல்லியிருந்தால் அவள் கால்குலேட்டரை எடுத்திருக்க மாட்டாள்.

ஐந்து சிம்பையும் தரையில் அடுக்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு சிம்பும் ஒரு கோட்டில் பக்கத்துச் சிம்புக்கு மேலே போனால் அடுத்த கோட்டில் இன்னொன்றுக்குக் கீழே போக வேண்டும். பாய் முடைகிற முறைதான் இது. சரியாக மாற்றி மாற்றிக் கோத்துவிட்டால், முடிச்சே போடாமல் ஐந்து சிம்பும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தரையிலிருந்து தூக்கினாலும் கலையாது. முதல்முறை தூக்குகிற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காக நான் எப்போதும் எதிர்ப்பக்கம்தான் உட்காருவேன்.

"கெட்டாமலே நிக்குது சித்தி!"

"நிக்கும் மக்களே. ஆனா காத்துக்கு நிக்காது. நூலை எடு."

முடிச்சில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. அப்பாவும் தாத்தாவும் கடற்கரை மணலில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்வதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். வலை நூலில் மிஞ்சியதை வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். கடக்கும் இடத்தில் நூலைக் குறுக்காக இரண்டு சுற்று, மறுகுறுக்காக இரண்டு சுற்று, பிறகு இரண்டு சிம்புக்கும் நடுவே ஒரு சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும். இந்தக் கடைசிச் சுற்றைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் கட்டு தளரும். ஐந்து முனை, ஐந்து உள்மூலை, ஆக ஒரு சட்டத்துக்குப் பத்துக் கட்டு. இதே மாதிரி இன்னொரு சட்டம் வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்மூலைகளில் ஆறு அங்குலக் குச்சி ஐந்தை நிமிர்த்திச் செருகினால் தட்டையாக இருந்தது உப்பி எழும். இந்த இடத்தில் சிம்பு விறைப்பாக வளைந்து முட்டும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடிக்காவிட்டால் குச்சி தெறித்துவிடும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் தேவைப்படுகிற வேலை இது. சண்டைக்காரர்கள் இருவரை அடுத்தடுத்த முனையில் உட்காரவைப்பேன்.

கட்டு தளர்ந்திருந்தால் நான் இறுக்கிக் கொடுப்பதில்லை. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி ஆட்டச் சொல்வேன். தளர்ந்த கட்டு கிறீச்சிடும். எந்தக் கட்டு என்று காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்து, அதைக் கட்டியவரே அவிழ்த்துக் கட்ட வேண்டும். எங்கள் ஊரில் கடற்காற்று ஸ்டாரை இரவு முழுக்க ஆட்டிக்கொண்டே இருக்கும். கட்டு நின்றதா இல்லையா என்று காற்று சொல்லிவிடும். நான் மார்க் போட வேண்டியதில்லை.

மூங்கில் சட்டமும் மெல்லிய தாளும் கொண்டு ஐந்து முனை ஸ்டார் கட்டுகிறவர்கள் நாம் மட்டுமல்ல. பிலிப்பைன்ஸில் இதே அமைப்பில் பரோல் என்ற விளக்கைக் கட்டி வீட்டு வாசலில் தொங்கவிடுகிறார்கள். ஜெர்மனியில் வேறு விதமான ஸ்டார் ஒன்று உண்டு. அது பிறந்தது ஒரு பள்ளிக்கூடத்தில் என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். 1830களில் நீஸ்கி என்ற ஊரில் மொராவிய சபையார் நடத்திய ஆண்பிள்ளைகள் பள்ளியில், வடிவியல் பாடத்தைக் கையால் செய்து புரிந்துகொள்வதற்காகக் காகிதத்தில் நட்சத்திரம் செய்யவைத்தார்கள். 18 சதுரமும் 8 முக்கோணமுமாக 26 முகங்கள் கொண்ட ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு, முகத்துக்கு ஒன்றாகக் கூம்பு ஒட்ட வேண்டும். விளக்குக்காக ஒரு முகத்தை விட்டுவிட்டால் 25 முனை. அந்தப் பள்ளியில் படித்த பீட்டர் வெர்பேக் 1880 வாக்கில் அதைச் செய்து விற்கத் தொடங்கினார். அவர் மகன் ஹெர்ன்ஹூட்டில் பட்டறை வைத்தார். இன்றும் அந்த ஊர்ப் பெயரால்தான் அந்த ஸ்டார் அறியப்படுகிறது. மொராவியர்கள் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து தங்கியவர்கள்தான். ஆனால் இந்த ஸ்டார் பிறப்பதற்கு முன்பே இங்கிருந்து போய்விட்டார்கள்.

பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த 25 முனையைச் சார்ட் பேப்பரில் கொடுத்திருக்கிறேன். சதுர அடி கொண்ட கூம்பு 17, முக்கோண அடி கொண்டது 8. எல்லா அடிகளிலும் விளிம்பு நீளம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் முழு சூட்சுமம். ஒரு கூம்பில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் பத்தாவது கூம்பை ஒட்டும்போது இடைவெளி வாயைப் பிளக்கும். பாடப்புத்தகத்தில் கனவடிவங்கள் என்றாலே முகம் சுளிக்கிற பையன், இந்த இடைவெளி ஏன் வந்தது என்று அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நீஸ்கிப் பள்ளி ஆசிரியர் யாராக இருந்தாலும் பிள்ளைகளை அறிந்தவர்.

தாள் ஒட்டுகிற ஞாயிறு வரும்போது மழையும் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பசை காய்வதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு அடுப்பில் ஏற்ற வேண்டும். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். கண்ணாடி மாதிரி நிறம் மாறும் வரை கிண்டி இறக்க வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்க்கிற பழக்கம் உண்டு. பிள்ளைகள் கைவைக்கிற பசையில் அது கூடவே கூடாது, விஷம். அன்றன்றைக்கு வேண்டியதைக் காய்ச்சிக்கொண்டால் போதும்.

மூன்றடி ஸ்டாருக்கு 22 துண்டுத் தாள் வேண்டும். முன்பக்கம் ஐந்து முக்கோணம், நடு ஐங்கோணம் ஒன்று; பின்பக்கமும் அப்படியே; பக்கவாட்டில் ஒடுங்கிய முக்கோணம் பத்து. எத்தனை துண்டு என்று நான் சொல்வதில்லை. சட்டத்தைச் சுற்றி நடந்து எண்ணச் சொல்வேன். பக்கவாட்டுப் பத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தாளைச் சட்டத்தின்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, சுற்றிலும் முக்கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் இப்போதுதான் அலமாரியிலிருந்து வெளியே வருகிறது.

பசையைச் சிம்பில்தான் தடவ வேண்டும், தாளில் அல்ல. பட்டம் செய்கிற மெல்லிய தாளில் பசை தடவினால் கைக்குள்ளேயே நைந்துவிடும். சிம்பில் மெலிதாகத் தடவி, தாளை மேலே படியவைத்து, விளிம்பை உள்ளே மடித்து விரல் நுனியால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இது பெரியவர்களைவிட நன்றாக வரும். அவர்கள் விரலின் பாரம் அவ்வளவுதான். வெள்ளைத் தாள் என்றால் காய்ந்த பிறகு லேசாகத் தண்ணீர் தெளிப்போம். ஈரம் உலரும்போது தாள் சுருங்கித் தப்பட்டைத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். சாயத் தாளில் இதைச் செய்யக் கூடாது, நிறம் ஒழுகும். பின்பக்க ஐங்கோணத்துக்கு மேல் விளிம்பில் மட்டும்தான் பசை. அது கதவு. அதைத் தூக்கித்தான் பல்பு மாட்ட வேண்டும். காற்று உள்ளே போய் வெளியே வருவதற்கும் அந்த வழி வேண்டும். நாலா பக்கமும் அடைத்த ஸ்டார் எங்கள் கரைக் காற்றில் ஓர் இரவு தாங்காது.

மின்சார வேலை மட்டும் பெரியவர்களுடையது. முன்பெல்லாம் 40 வாட் குண்டு பல்பு போடுவார்கள். அதன் சூட்டில் தாள் பழுத்து, சில சமயம் கருகியும் போகும். இப்போது சிறிய எல்.இ.டி. போதும், சூடு குறைவு. ஹோல்டர் எந்தப் பக்கமும் தாளைத் தொடாமல் நடுவில் தொங்க வேண்டும். வயரில் ஒட்டுப்போட்ட இடம் மழைச்சாரல் படுகிற இடத்தில் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் நானே பார்த்த பிறகுதான் சுவிட்சைப் போட விடுவேன்.

குடில் வேலை ஸ்டாருக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருக்கும். இரண்டாம் ஞாயிறன்று தாம்பாளங்களிலும் உடைந்த மண்சட்டிகளிலும் மண் பரப்பிக் கேழ்வரகு விதைப்போம். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்துத் தூவி, மேலே பொடிமண்ணை மெலிதாகத் தூற்றி, ஈரச் சாக்கால் மூடிவைத்தால் இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். அப்போது சாக்கை எடுத்துவிட வேண்டும். பத்து நாளில் விரலுயரப் பச்சைப் புல். தண்ணீரை ஊற்றக் கூடாது. கையில் அள்ளித் தெளிக்க வேண்டும். கேழ்வரகு கைக்குள் அடங்காத பொடி விதை என்பதால் முதல் தடவை எல்லோரும் ஒரே இடத்தில் கொட்டிவிடுவார்கள். மணலோடு கலந்து கொடுத்தால் பரவலாக விழும். கடுகு இன்னும் சீக்கிரம் வரும். ஆனால் புல்லாகத் தெரியாது, செடியாகத் தெரியும். குடிலின் ஓரத்துக்கு அது நன்றாக இருக்கும்.

மலைக்குப் பழைய சாக்கைச் சேற்றுக் கரைசலில் முக்கிக் கல்லின்மேல் போர்த்துவோம். காய்ந்ததும் மடிப்புகள் அப்படியே நிற்கும். ஆடு மாடு செய்வது குளத்துக் களிமண்ணில். இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆட்டுக்குக் கால் வைக்கிறேன் என்று ஈர்க்குக் குச்சியைச் செருகுவார்கள். களிமண் காயக் காயச் சுருங்கும், குச்சி சுருங்காது. அதனால் குச்சியைச் சுற்றி வெடிப்பு விழுந்து உடம்பு பிளந்துவிடும். பிள்ளைகள் இதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதற்காக நான் தடுப்பதில்லை. அடுத்த ஞாயிறு வந்து பிளந்த ஆட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். படுத்திருக்கும் ஆட்டை ஒரு பெண்குழந்தை கண்டுபிடித்தாள். காலை மடக்கிப் படுத்த ஆட்டுக்குக் குச்சியே வேண்டாம். தேங்காய்த் தும்பைப் பொடியாக வெட்டிக் களிமண்ணோடு பிசைந்து, வெயிலில் வைக்காமல் நிழலில் காயவைத்தால் வெடிப்பும் குறையும். காய்ந்த பிறகு முதுகில் இலவம் பஞ்சு ஒட்டிவிட்டால் ஆடு முடிந்தது. இப்போது எங்கள் குடிலில் ஆடுகள் எல்லாம் படுத்தே இருக்கும். இரவு நேரம் என்பதால் பொருத்தம்தான்.

குடிலில் யார் யார் இருக்கலாம் என்பதில் வருஷா வருஷம் வாக்குவாதம் நடக்கும். ஒரு பையன் களிமண்ணில் நண்டு செய்தான். "பெத்லகேம்ல நண்டு ஏதுடே?" என்று பெரியவர்கள் மடக்கினார்கள். அப்போது நான் அவர்களுக்குக் கிரேச்சோவைச் சொன்னேன். 1223இல் இத்தாலியின் அந்தச் சிற்றூரில் அசிசி நகரப் பிரான்சிஸ் அமைத்த குடிலில் சுரூபம் ஒன்றுகூட இல்லை. கிறிஸ்துமஸுக்கு 15 நாள் முன்பே தமக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து வைக்கோல், தீவனத்தொட்டி, உயிருள்ள மாடு, கழுதை ஆகியவற்றை ஏற்பாடு செய்யச் சொன்னார் என்று, அவர் வாழ்க்கையை எழுதிய செலானோ தோமா குறித்திருக்கிறார். அந்த மாடும் கழுதையும்கூட லூக்கா நற்செய்தியின் பிறப்புக் காட்சியில் இல்லை. எசாயா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து வந்து சேர்ந்தவை. 2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குப் போய்க் குடிலைப் பற்றிய திருத்தூது மடலில் கையெழுத்திட்டார். நற்செய்தியோடு தொடர்பில்லாத உருவங்களையும் குழந்தைகள் விரும்பிக் குடிலில் வைப்பதை அதில் அன்போடு குறிப்பிடுகிறார். நண்டு உள்ளே வந்தது. அதற்கு அடுத்த வருஷம் கட்டுமரமும் வலை ஊசியும் வந்தன.

எங்கள் கரைக்கு டிசம்பர் எப்போதும் ஒரே மாதிரி வருவதில்லை. 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் சுனாமி வந்தபோது வீட்டு வாசல்களில் ஸ்டார்கள் தொங்கிக்கொண்டிருந்தன. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தது. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்த ஆண்டு குமரிக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் விளக்கும் வெடியும் இல்லாமல் பூசையோடு கிறிஸ்துமஸ் முடிந்தது. வகுப்பில் பிள்ளைகள் என்னிடம் ஸ்டார் கட்டலாமா என்று கேட்கவில்லை. குடில் வைக்கலாமா என்று கேட்டார்கள். வைத்தோம். மலையும் புல்லும் இல்லாமல், வெறும் மணலில் வைக்கோல் பரப்பி, தீவனத்தொட்டியைச் சுற்றி அவர்கள் செய்த வள்ளங்களை நிறுத்தினார்கள். யாரும் அதற்கு விளக்கம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பூசைக்கு வந்த பெரியவர்கள் அதன் முன்னால் நின்றுவிட்டுப் போனார்கள். கையால் செய்யத் தெரிந்த பிள்ளைகளுக்குத் துக்க காலத்திலும் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. கடையில் வாங்கிய சீரியல் செட்டை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்திருக்க முடியும்?

மூங்கில் கிடைக்காத ஊர்களில் இருப்பவர்கள் தென்னை ஈர்க்கில் தொடங்கலாம். ஒரு சாண் ஈர்க்கு ஐந்தை அதே கணக்கில் கோத்தால் ஒரு சாண் அகல ஸ்டார். பனை குருத்தோலை கிடைத்தால் இன்னும் நல்லது. நறுக்கி ஈர்க்கை உரித்துவிட்டு, தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் முறியாமல் மடியும். நட்சத்திரம், மீன், கிளி எல்லாம் மடிக்கலாம். மணப்பாட்டுப் பெண்கள் ஓலையில் செய்கிற வேலையைப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை காட்டியிருக்கிறேன். ஓலையின் இரண்டு முகத்திலும் நிறம் வேறுவேறாக இருப்பதை எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று அவர்களே கவனித்துச் சொன்னார்கள். காகிதத் தோரணத்துக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. அது மழை பெய்து யாரும் வர முடியாத நாளில் அவரவர் வீட்டில் செய்துகொள்ளக்கூடியது.

ஜனவரி 6, மூவரசர் திருநாள் கழிந்த ஞாயிறன்று எல்லாவற்றையும் கழற்றுவோம். கழற்றுவதும் வகுப்புதான். கேழ்வரகுப் புல் ஆட்டுக்குப் போகும். களிமண் ஆட்டிலிருந்து பஞ்சைப் பிய்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டால் அடுத்த நாள் மறுபடி பிசையலாம். ஸ்டாரின் தாளைக் கிழித்துவிட்டுச் சட்டத்தை மட்டும் பரணில் ஏற்றுவோம். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கட்டையும் தொட்டுப் பார்த்து, அவிழ்ந்ததற்கும் அவிழாததற்கும் தனித்தனியே சாக்பீஸ் அடையாளம் வைப்பார்கள். நல்ல சிம்பு இரண்டு மூன்று கிறிஸ்துமஸ் தாங்கும். உளுத்துப்போனதை ஒடித்து அடுப்புக்குக் கொடுத்துவிடுவோம்.

கடந்த முறை சட்டத்தைப் பரணில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பெரிய பையன்கள் இருவர், அடுத்த தடவை ஏழு முனை கட்டினால் என்ன என்று கேட்டார்கள். ஏழு சம நீளச் சிம்பில் இரண்டு விதமாக ஸ்டார் வரும். ஒன்று பருத்தது, ஒன்று கூர்மையானது. அளவுக் கோடுகள் எங்கே விழும் என்று நான் சொல்லவில்லை. ஈர்க்கில் கட்டிப் பார்த்துக் கோட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கூர்மையானதில் ஒவ்வொரு ஈர்க்கும் மற்றவற்றை நான்கு இடங்களில் கடக்கிறது என்பது வரை வந்துவிட்டார்கள். எது மேலே எது கீழே என்பதில் இப்போது இருவருக்கும் சண்டை.